சுவரில் இருக்கும் குழம்பு

ஈரல் சுருங்கிக் கிடந்த இருதயராஜ் அன்றும் மீன் குழம்புத் தட்டைச் சுவரில் வீசினான். “மண்ணத் திங்கிற மாதிரி இருக்கு.” ஐந்து மாதமாக இதே பேச்சு. மனைவி அமலோற்பவம் புளியை மாற்றினாள், மீன்காரியை மாற்றினாள், கடைசியில் தன் நாக்கையே சந்தேகப்பட்டாள். “ரத்தத்துல ஜிங்க் சத்து ரொம்பக் கொறைவும்மா. அதான் அவருக்கு ருசி தெரியல” என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவள் சுவரைத் துடைக்கவில்லை. மாத்திரை தொடங்கி ஒன்றரை மாதம் கழித்து அவன் தட்டை வழித்துத் தின்றான். “இப்பத்தான் ஒனக்குக் கொழம்பு வைக்க வந்திருக்கு. இன்னும் ஊத்து.” அவள் சட்டியை மூடினாள். கரண்டியால் சுவரைக் காட்டினாள்.

“அதுவும் இதே கொழம்புதான். நக்கிப் பாருங்க.”