நாற்பது நாள் நோட்டீஸ்

ஏழாவது ஆளும் காசு கொடுக்காமல், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவை வாங்கிக்கொண்டு, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தபோதுதான் நெவெனா நிமிர்ந்து பார்த்தாள்.

எட்டாவது ஆள் கார்னேஷன் பூக்களை நீட்டினார். நாலு.

மூன்றோ ஐந்தோ என்றால் ஏதோ வாழ்த்து என்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். இந்த ஊரில் இரட்டைப்படையில் பூ கொடுப்பது செத்தவர்களுக்கு மட்டும்தான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். வரிசை எதிர்க் குடியிருப்பின் கதவு வரைக்கும் நீண்டிருந்தது. பாதிப் பேர் கறுப்பு உடுப்பு. ஒருத்தி, துக்க வீட்டில் கொடுக்கும் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமையைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

அந்தக் கதவில் அவள் ஒட்டிய நோட்டீஸ் இருந்தது. நேற்று ஒட்டும்போது அழகாகத்தான் தெரிந்தது.

நடுவில் அப்பாவின் படம். கோட்டு போட்டு அவர் எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான். கையிலிருந்த எட்டு லெவாவுக்கு நூலகத்தில் கலரில் அச்சடிக்க முடியாது. அதனால் கறுப்பு வெள்ளை. எடுப்பாக இருக்கட்டும் என்று சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம்.

கடை திறந்து நாற்பது நாள். அதனால் மேலே பெரிய எழுத்தில், 'நாற்பது நாள்'.

கீழே, 'சாப்ரியான் தோனெவ். அவர் கைப்பக்குவம் அறிந்த அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பனிட்சா கடைக்கு வாருங்கள்.'

ஊரே நின்று படிக்கும் இடம் அது. ஒட்டச் செலவும் இல்லை. ஆனால் அந்தக் கதவில் பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், முதல் வருஷம் என்று இறந்தவர்களுக்கான அறிவிப்புகள்தான். நோட்டீஸ் என்றதும் கை தானாக அந்த அச்சிலேயே போட்டுவிட்டது.

செத்தவரோ பலகைத் தடுப்புக்குப் பின்னால், ரேடியோவை அலறவிட்டு மாவு இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆட்களைக் கண்டால் அவருக்குப் பேச்சு வராது. நாற்பது நாளில் ஒரு நாள்கூட அவர் ஜன்னல் பக்கம் வந்ததில்லை. எட்டு வருஷம் வலென்சியாவில் செங்கல் அடுக்கிவிட்டு வந்தவரை இங்கே யாருக்கும் அடையாளமும் தெரியாது. இந்த வாரமும் வியாபாரம் இல்லை என்றால் திங்கட்கிழமை திரும்பவும் ஸ்பெயின் பஸ்தான் என்று வியாழக்கிழமை சொல்லியிருந்தார்.

போன தடவை அவர் பஸ் ஏறியபோது நெவெனாவுக்கு எட்டு வயது.

அப்பா காதில் விழாதபடி அவள் தடுப்புக் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். பூ நீட்டியவரிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

"தங்கமான மனுஷன்மா. என் பையன் கல்யாணத்துல என்னா ஆட்டம் ஆடினாரு தெரியுமா!"

அப்பா எந்தக் கல்யாணத்திலும் ஆடியதில்லை.

அவருக்குப் பின்னால் மூன்றாம் மாடி சவெட்டாம்மா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு வாய் கடித்தாள். மென்றாள். நின்றாள். பாலாடைக்கட்டி அவள் முகவாயில் வழிந்தது.

"அடப்பாவிகளா!" என்று வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "இப்படி ஒரு பனிட்சாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அந்த மனுஷன் உயிரோட இருந்தப்ப ஒருத்தராவது எட்டிப் பாத்தோமா?"

எல்லாரும் மென்றுகொண்டிருந்தார்கள்.

"இப்ப யாரு கண்ணு சுடுறது?"

நெவெனா தடுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "நான்தான்" என்று எங்கிருந்தோ வந்தது.

"அதான் பாத்தேன். அப்பா கைப்பக்குவம் அப்படியே இருக்கு!" அப்பா சுட்டதைச் சவெட்டாம்மா இதற்கு முன் தொட்டதே இல்லை. "இன்னைக்கு அவர் பேரைச் சொல்லிச் சாப்பிட்டோம், சரி. நாளையிலேர்ந்து எல்லாரும் காசு கொடுத்து வாங்கணும். இந்தப் பொண்ணு நடுத்தெருவுல நிக்கக் கூடாது. எழுதிக்கோ, எனக்கு வாரா வாரம் ரெண்டு தட்டு."

பிறகு நெவெனா நிமிரவே இல்லை. எழுதினாள். பள்ளிக்கூடத்துக்கு நாலு தட்டு. சலூனுக்கு ஒன்று. ஒருத்தி குனிந்து அவள் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு மூன்று தட்டுக்குச் சொன்னாள்.

கடைசி ஆளும் போனபின் பின்னால் ரேடியோ நின்றது.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. புருவம் முழுக்க மாவு.

"எத்தனை தட்டு?"

"முப்பத்தொண்ணு. வாரா வாரம்." எழுதிய தாளை நீட்டினாள். "அப்பா, நான் ஒண்ணு சொல்லணும். கத்தாதீங்க. அந்த நோட்டீஸ்ல..."

"காலையில நாலு மணிக்கு வரும்போதே பாத்துட்டேன்."

அவள் நீட்டிய தாளைக் கீழே இறக்கினாள்.

"கிழிக்கத்தான் கை வெச்சேன். அப்புறம், வர்றவங்க வரட்டுமேன்னு விட்டுட்டேன்." அப்பா ஜன்னலை எட்டிப் பார்த்தார். தெருவில் யாரோ போக, சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அப்ப திங்கக்கிழமை பஸ்?"

"செத்தவன் எப்படிடி பஸ் ஏறுவான்?"

அவர் சிரிக்கவில்லை. மாவுக் கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும். நான் எப்ப உயிரோட வர்றது?"