அம்மன் தேர்ந்த சட்டக் கல்லூரி

நமுனுகுல தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காலை வெயில் ஈரத் தரையில் வழுக்கி விழுகிறது. ஒரு முறை தும்மி மலையையே இரண்டடி நகர்த்தியவள் இந்த அம்மன்; தோட்டத்துப் பெண் யசோதினிக்குச் சட்டக் கல்லூரி தேர்ந்து கொடுப்பது அவளுக்குச் சில்லறை வேலை. வெள்ளைப் பூ வந்தால் கொழும்பு, சிவப்பு வந்தால் யாழ்ப்பாணம். படிக்கவைக்கப் போகும் பெரியப்பா மாரிசாமிதான் பூக்களைத் தனித்தனி வெற்றிலையில் மடித்து வைத்திருக்கிறார். "என்ன சட்டம் புள்ள படிக்கப் போற?" என்கிறார் பூசாரி. "அறிவுசார் சொத்துச் சட்டம் சாமி. ஒருத்தர் மூளையில உதிச்சத இன்னொருத்தர் திருடாம காக்குறது." "நம்ம லயத்து வீடுகள்ல திருடுறாப்புல யாருக்கு மூளை இருக்கு?" என்று பெரியப்பா சிரிக்கிற சிரிப்பில் கோயில் மணி தானாக ஆடுகிறது.

பூசாரி ஒரு மடிப்பைப் பிரிக்கிறார். வெறும் வெற்றிலை. மற்றதையும் பிரிக்கிறார். அதுவும் வெறும் வெற்றிலை. "ஆத்தா ரெண்டையும் வேணாங்குறா. கார்மென்ட் தையல் வேலைக்கே போகட்டும்" என்று பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அவருடைய சட்டைப் பையிலிருந்து வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பூக்கள் எட்டிப் பார்க்கின்றன. பூசாரி அவசரமாக விளக்குத் திரியைத் தூண்டுகிறார். யசோதினி வாயைத் திறக்கிறாள். பக்கத்தில் நின்று பூக்களைப் பார்த்துவிட்ட அம்மா, மகளின் பிடரியைப் பிடித்து அழுத்துகிறாள். "கும்புடுடி. அப்புடியே பெரியப்பா கால்லயும் விழு."