தட்டில் உட்கார்ந்த கல்

பூசணி என்ற பூனைக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. சோறு வைக்கும்வரை ரெஜினாவின் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தும். வைத்ததும், யாரோ பிடுங்க வருவதுபோல் அள்ளி விழுங்கிவிட்டு, அடுத்த நிமிடமே பாயில் வாந்தி எடுக்கும்.

பாய் அலசி அலுத்துப்போன ரெஜினா, ஒருநாள் தட்டின் நடுவே ஒரு கூழாங்கல்லை வைத்து, அதைச் சுற்றி மீன்சோற்றைப் பரப்பினாள்.

"என் தட்டுல உனக்கென்ன வேலை?" என்றது பூசணி.

"சும்மா உட்காரச் சொன்னாங்க, உட்கார்ந்திருக்கேன். நான் சாப்பிடவெல்லாம் மாட்டேன்" என்றது கல்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

அன்றிலிருந்து பூசணி ஒரு வாய் எடுக்கும், கல்லை முறைக்கும், சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஒரு வாய் எடுக்கும். கல்லில் ஒட்டிய பருக்கையைக்கூட விட்டுவைக்காமல் நக்கும். இப்படிக் காவல் காத்தே சாப்பாடு நிதானமானது; வாந்தியும் நின்றது.

இனித் தட்டில் கல் வேண்டாம் என்று ரெஜினா அதைக் கழுவி, மீன்சட்டி மூடியின்மேல் பாரமாக வைத்தாள்.

அன்று தட்டு முழுக்கச் சோறு. பூசணி அதைத் தொடவே இல்லை. அடுப்பு மேடையில் சட்டிமேல் உட்கார்ந்திருந்த கல்லை அண்ணாந்து பார்த்தது.

"நினைச்சேன். தட்டு பத்தாதுன்னு சட்டியையே எழுதி வாங்கிட்டியா?"