அந்த ஜந்துவின் கண்கள்

திரையில் விண்கலத்தின் கதவு திறந்ததும் மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாடி! என்னா உசரம்! இதையா ஆறு மாசமா ஷெட்ல உட்கார்ந்து செஞ்சீங்க?”

படத்துக்காக அந்த வேற்றுக்கிரக ஜந்துவைச் செய்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தியேட்டரே மூச்சுவிட மறந்திருந்தது.

இடைவேளையில் பின்வரிசையில் இரண்டு பேருக்கு வாக்குவாதம்.

“அதுக்கு நாலு கண்ணுடா!”

“ரெண்டுதான். நான் நல்லாப் பார்த்தேன்.”

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. “சொல்லுங்க, அந்தக் கண்ணை எதுல செஞ்சீங்க?”

“படத்துல அது வரவே இல்லம்மா.”

“என்னது?”

“ஷூட்டிங் அன்னைக்கு லைட் சூட்டுல ரப்பர் இளகி, முதுகு பிளந்துபோச்சு. பொழப்பே போச்சுன்னு நின்னேன். டைரக்டரம்மா திட்டல. ரொம்ப நேரம் செட்டையே பார்த்தாங்க. அப்புறம் கூரையைத் தாழ்வா இறக்கச் சொன்னாங்க. எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, கதவுக்குப் பின்னாடி ஒரே ஒரு பச்சை லைட். மேஜையில ஒரு டம்ளர் தண்ணி. தண்ணி நடுங்குறப்போ அந்த நடிகை மெதுவா அண்ணாந்து பார்த்துச்சு. அவ்வளவுதான் எடுத்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தைத் தவிர ஒண்ணுமே கிடையாது.”

மனைவி சிரித்துவிட்டாள். “சும்மா அளக்காதீங்க. அது குனிஞ்சு என்னைப் பார்த்துச்சு!”

மறுக்க வாயெடுத்தவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சற்று முன் அவரையும் அது பார்த்திருந்தது.