பாதி மாத்திரை

சொம்பில் தண்ணீரை மொண்டு தோளில் ஊற்றிய பிறகுதான் சாரதாமணிக்கு உறைத்தது. யுவஸ்ரீ இன்னும் கதவைத் தட்டவில்லை.

எப்போதும் இரண்டு சொம்பு ஊற்றுவதற்குள் தட்டிவிடுவாள்.

“அம்மா?”

“இருக்கறன் சாமி” என்று இவள் உள்ளேயிருந்து குரல் கொடுக்க வேண்டும். சோப்பு போடும்போது ஒரு தரம், முகம் கழுவும்போது ஒரு தரம். பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும் வெளியே அழுகை கிளம்பிவிடும்.

மூன்றாவது படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூடம் போய் மாதக்கணக்காகிறது. வகுப்பில் உட்கார்ந்தால் வயிறு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது, அம்மாவைப் பார்க்கணும் என்கிறாள். டீச்சர் தன் செல்போனைக் கொடுத்துப் பேச வைத்தும் பார்த்துவிட்டார். போனை வைத்த கையோடு மறுபடியும் அழுகை.

வெண்ணந்தூரில் மந்திரிக்காத ஆள் இல்லை. கயிறு கட்டி, மிளகாய் சுற்றிப் போட்டு, கடைசியில்தான் சேலத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

பயமும் ஒரு வியாதிதான், மருந்து உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். தினமும் காலையில் பாதி மாத்திரை.

“ஆரம்பத்துல குமட்டும், பசிக்காது. அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. ஆனா புள்ள திடீர்னு ஒரு மாதிரி ஆனாலோ, சாகறதப் பத்தி ஏதாச்சும் பேசினாலோ, அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க. பக்கத்துல இருந்து கவனிக்கணும்.”

சாரதாமணி தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. கத்தியால் மாத்திரையை நறுக்குவாள். இட்லிக்குப் பிறகு கொடுப்பாள். அப்புறம் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொட்டாவி விட்டால் பயம். தட்டில் சோறு மீந்தால் பயம். நேற்று டிவியைப் பார்த்து யுவஸ்ரீ சத்தமாகச் சிரித்தபோது, இது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

புருஷன் தனபால் லாரியோடு நாக்பூர் பக்கம் போயிருக்கிறான். தினமும் போன் போட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்பான். கேட்டு முடித்துவிட்டு, “நீ எப்படி இருக்கற?” என்பான்.

“எனக்கென்ன?” என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

இப்போது சொம்பைக் கையில் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும்தான்.

“யுவா?”

பதில் இல்லை.

“ஏஞ்சாமி… யுவா!”

ஈர உடம்பிலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினாள். நடையில் ஆள் இல்லை. உள் அறையில் இல்லை.

அடுப்படியில் இருந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்த மருந்து டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். கையில் மாத்திரை அட்டை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

சாரதாமணி பாய்ந்து பிடுங்கினாள். பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எத்தன முழுங்கின? சொல்லு சாமி, எத்தன முழுங்கின?”

யுவஸ்ரீ மிரண்டு போய்விட்டாள். ஆனால் அழவில்லை.

“நான் ஒண்ணும் முழுங்கலம்மா. எண்ணிப் பார்த்தேன். இது உன்றது.”

சாரதாமணி கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய அட்டைதான்.

“அன்னைக்கு எண்ணினப்பவும் இத்தனதான் இருந்துச்சு. நீ போடறதே இல்ல.”

அது உண்மை. அதைப் போட்டால் மத்தியானம் வரைக்கும் கண் சொக்கும். தான் அசந்துவிட்டால் பிள்ளையை யார் கவனிப்பது என்று, யுவஸ்ரீக்குப் பாதி மாத்திரை ஆரம்பித்த அன்றே தன்னுடையதை நிறுத்தியிருந்தாள். டாக்டரிடம் கேட்கவில்லை. தனபாலிடமும் சொல்லவில்லை.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்த வீட்டுக் கதவைத் தள்ளியவள் யுவஸ்ரீதான். சாகத் துணிந்து படுத்துக் கிடந்த அம்மாவைப் பார்த்து, தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். எழுப்பினால் திட்டு விழும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து, சத்தம் போடாமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இருட்டின பிறகு தனபால் வந்துதான் கத்தினான்.

ஏன் அப்படிச் செய்தோம் என்று சாரதாமணிக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

யுவஸ்ரீ ஸ்டூலிலிருந்து இறங்கினாள். குடத்திலிருந்து டம்ளரில் தண்ணீர் மொண்டாள். கீழே சிந்தாமல் மேடையில் வைத்துவிட்டு மறுபடியும் ஏறி நின்றாள்.

அம்மாவின் முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சாரதாமணி அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள்.

“வாயத் தொற” என்றாள் யுவஸ்ரீ. “நாக்கத் தூக்கு.”

அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் நர்சம்மா மாத்திரை கொடுத்துவிட்டு அப்படித்தான் பார்ப்பார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நின்றது நினைவிருக்கிறது. இதையெல்லாம் கவனித்திருப்பாள் என்று அப்போது தோன்றவில்லை.

சாரதாமணி நாக்கைத் தூக்கினாள்.

பிள்ளை அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் உள்ளே பார்த்தாள்.

“செரி” என்றாள்.

சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை.