ஸ்டூல் கேஸ்

தாள் தாளாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்திச் சிரித்தார்.

"உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதுக்கு இவ்வளவு பேப்பரா? இதை அடுக்கினாலே ஸ்டூல் ஆயிடும்போல இருக்கே."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. ஒன்பதாம் பக்கத்தை விட்டுட்டீங்க, போடுங்க," என்றாள் மனைவி.

அவர் நகைக்கடைக் காவலாளி. வாசலில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். காலில் ரத்தம் உறைகிறது, நிற்கவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். உட்கார்ந்திருக்கும் காவலாளிக்குத் திருடன் பயப்படமாட்டான் என்று நிர்வாகம் பதில் எழுதியது. அதனால்தான் வழக்கு.

தேதிகளைத் துரத்துவது அவள் பொறுப்பு. பதில் தர நிர்வாகம் ஏழு முறை வாய்தா கேட்டது. ஏழு முறையும் கிடைத்தது. இவள் ஒரே ஒரு நாள் பிந்தியதற்கு, இன்னொரு கெடு தவறினால் வழக்கு தள்ளுபடி என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கெடு மறுநாள் மாலை நான்கு மணி.

அவர் சீருடையை மாட்டிக்கொண்டு, வீங்கிய காலில் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மூன்று ஐம்பதுக்கு, நேற்றைய சேலையோடு அவள் கோர்ட் கவுண்ட்டருக்கு ஓடிவந்தாள்.

"வாம்மா, ஸ்டூல் கேஸ்!" என்றார் குமாஸ்தா. "எங்கே வீட்டுக்காரர்?"

"டியூட்டியில நிக்கிறார் சார்."

குமாஸ்தா பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாக் கையெழுத்தும் இருந்தது. முத்திரை விழுந்தபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு.

வெளியே வந்துதான் கைபேசியை எடுத்தாள். கொழுந்தன் பதினோரு முறை கூப்பிட்டிருந்தான்.

"எங்க போனீங்க அண்ணி? பிணவறையில நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அண்ணனைக் குடுப்பாங்களாம். காலையிலேர்ந்து காத்துக் கிடக்கோம்."

"வந்துட்டேன் தம்பி."

உண்மையைச் சொல்லியிருந்தால், செத்தவர் தாளை எப்படி வாங்குவது என்று குமாஸ்தா யோசித்திருப்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான்கு அடித்திருக்கும். இத்தனை வருஷத்தில் நிர்வாகம் கோர்ட்டில் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. அவள் சொன்னது இது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்து நகைக்கடை சிக்னலில் நின்றது.

கடை திறந்திருந்தது. நேற்று அவர் சரிந்து விழுந்த வாசலில் புதிதாக ஒருவர், அதே சீருடையில், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.