முன்–பின் ஒப்பீடு

இப்போதெல்லாம் குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி கிடையாது. புள்ளியியல் இயந்திரம்தான் தீர்ப்புச் சொல்கிறது. வித்தியாசம் நிரூபணமானால்தான் விவாகரத்து. எந்தச் சோதனை என்பதை மனுதாரரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

செண்பகவல்லி யோசிக்காமல் 'முன்–பின் ஒப்பீடு' பொத்தானை அழுத்தினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் சிரித்துச் சிரித்துப் பேசிய சுடலைமுத்து, இப்போது கைப்பேசியிலிருந்து தலையையே நிமிர்த்துவதில்லை.

முன்பு அவன் எப்படி இருந்தான் என்று சொல்ல மாமியாரைக் கூண்டில் ஏற்றினார்கள். மகனைக் காப்பாற்றும் ஆவேசத்தில் அவள் கத்தினாள்: "எம் புள்ள மாறவே இல்ல! சின்ன வயசுலேருந்தே இப்படித்தான், யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டான்!"

"வித்தியாசம் இல்லை. மனு தள்ளுபடி" என்றது இயந்திரம்.

சுடலைமுத்து அப்போதும் தலை நிமிரவில்லை.

வாசலில் முத்திரை குத்தும் பெண்ணிடம் செண்பகவல்லி புலம்பினாள்: "தப்பான சோதனைய எடுத்துட்டேம்மா. மத்த புருஷங்களோட ஒப்பிடுறத எடுத்திருக்கணும்."

"நான் அதைத்தான் எடுத்தேன்க்கா" என்றபடி அவள் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். "எங்க தெருவுல ஒருத்தனாவது வித்தியாசமா இருந்தாத்தானே!"